‘வாணாம்’ என்று சொல்ல ஒருத்தி

எங்கள் வீட்டுத் தோட்டத்து எலுமிச்சை மரத்தின் அடித்தூரில் மூன்று வெட்டுத் தழும்புகள் இருக்கின்றன. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒன்றின் கீழ் ஒன்றாக. முதல் இரண்டும் பட்டை மூடி வெறும் கோடாகிவிட்டன. மூன்றாவது மட்டும் ஆழம். அதில் இன்றைக்கும் கட்டைவிரல் நகத்தை நுழைக்கலாம். காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் பையைக் கூடத்தில் வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போய் அதைத்தான் பார்ப்பேன். இது எப்படி வந்தது என்று என் பிள்ளைகள் சின்ன வயதில் கேட்டபோது, "எங்கம்மா போட்டது" என்று சொன்னேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் அளந்து ஊற்றிய பாலைத் தன் ஆழாக்கில் மறுபடி அளப்பாள். தபால்காரர் சிரித்துக்கொண்டே கடிதம் கொடுத்தால், வழியில் பிரித்துப் படித்துவிட்டார் என்பாள். அப்பா சீக்கிரமே போய்விட, ஒரு தறியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் காப்பாற்றியவள். ஏமாறாமல் இருப்பதே அவளுக்கு முழுநேர வேலையாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் அவளுக்குக் கையாள். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், போகும்போது மடி கனமாக இருந்ததா என்று ஒன்றுவிடாமல் அவளிடம் ஒப்பிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அவள் குணம் அப்படியே எனக்கும் வந்துவிட்டது. என் கணவர் ஆபீஸிலிருந்து பத்து நிமிஷம் முன்னதாக வீடு வந்தால், இன்றும் என் வாயில் முதலில் வருவது "என்ன விஷயம்?" என்ற கேள்விதான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தாமல் கிராமத்திலிருந்து அண்ணி வந்தாள். நான் எட்டாவது முடித்த கோடை அது. எங்கள் ஜனம்தான், ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்பே தறியை விட்டுவிட்டு ஏரிப் பாசனத்தில் நிலம் வாங்கிக்கொண்டு போனவர்கள். "தறி தெரியாத பொண்ணு" என்று அம்மா கல்யாணத்துக்கு முன்பே முகத்தைச் சுளித்தாள். வந்த மறுமாதமே அண்ணி தன் அப்பா வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சங்கன்றைக் கொண்டுவந்து கிணற்றுக்குப் பின்னால் நட்டாள். தோட்டம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தறி அறையைத் தாண்டினால் கிணறு, துவைக்கிற கல், அதற்குப் பின்னால் மூன்று சேலை நீளத்துக்கு மண். அதுவரை அதில் இருந்தது ஒரு முருங்கையும், தானாக முளைத்த துளசியும்தான்.

மாசி பிறந்ததும் அண்ணிக்குக் கை பரபரக்கும். காய்த்து ஓய்ந்த அவரைப் பந்தலைப் பிரித்து, முற்றிய நெற்றுகளை முறத்தில் காயப்போடுவாள். வேப்பஞ்சருகைக் கூட்டி ஒரு மூலையில் குவிப்பாள். மக்கிய எருவைக் கூடையில் சுமந்து வந்து கொட்டிக் கொத்திவிடுவாள். கிணற்றடியிலிருந்து தண்ணீர் ஓட வாய்க்கால், அதன் இருபுறமும் பாத்தி. பங்குனியில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றுவாள், புடலைக்குப் பந்தல் போடுவாள், புடலம்பிஞ்சு வளையாமல் நீள அதன் நுனியில் கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். விதைகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் முடிச்சு முடிச்சாகக் கட்டி, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருப்பாள். முதல் வருஷம் ஒருநாள் அவள் அண்ணனிடம், "நாளைக்குக் காலையில கத்திரி பாவணும், கொஞ்சம் கூட இருங்க" என்றாள். நாற்று விடுவதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்குப் பாவு என்றால் தறியில் ஏற்றும் நெடுக்கு நூல். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "பாவு இன்னும் சாயக்காரர் வூட்ல இருந்தே வரலியே" என்றான். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "இவ எந்தப் பாவைச் சொல்றான்னு கண்டுக்கினு வாடி" என்று என்னை அனுப்பினாள்.

புடலை காய்க்க ஆரம்பித்ததும் அம்மாவுக்கு வேறு சந்தேகம் வந்தது. காய் தாமலுக்குப் போகிறது என்று. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து ஒவ்வொரு காய்க்கும் ஒரு பொட்டு வைத்தாள். யாராவது கேட்டால் திருஷ்டிக்கு என்பாள். காலையும் மாலையும் பொட்டுகளை எண்ணுவது என் வேலை. ஒரு நாள் எண்ணிக்கை கூடியிருந்தது. குறைந்தால் என்ன செய்வது என்று தெரியும்; கூடினால்? அம்மாவும் நானும் பந்தலுக்குக் கீழே நின்று மூன்று தடவை எண்ணினோம். அம்மா கண்ணில் படாமல் விட்டுப்போன பிஞ்சுகளுக்கெல்லாம் அண்ணியே பொட்டு வைத்திருந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "அழுத்தக்காரி" என்று அம்மா முணுமுணுத்தாள். அன்றிலிருந்து சந்தேகம் இரட்டிப்பாயிற்று.

எனக்கும் அண்ணிமேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டுச்சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்தால் தறியில் இரண்டு ஆள் வேண்டும். அண்ணன் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவை வாங்கித் திருப்பித் தள்ளுவதற்கு ஒருத்தர். பத்து வயதிலிருந்து அந்த இடம் என்னுடையது. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு மணி நேரம், வந்த பிறகு இருட்டும்வரை. பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனால் அண்ணன் கை எப்போது வரும் என்று என் கைக்குத் தெரியும். தறி தெரியாத பெண் ஒரே வருஷத்தில் அதைக் கற்றுக்கொண்டாள். "பாப்பா படிக்கட்டும், நான் குந்திக்கிறேன்" என்று அவள் சொன்னது என் நன்மைக்குத்தான். அன்றைக்கு நான் அதை நம்பவில்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது, அண்ணிக்குக் குழந்தை இல்லை. தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எலுமிச்சைச் செடியும் இடுப்புக்கு மேல் வளர்ந்து, மணிக்கட்டுத் தடிமனுக்கு அடி பருத்து, ஒரு பூகூட விடாமல் முள்ளும் இலையுமாக நின்றது. முசரவாக்கத்திலிருந்து கூடையில் கீரை கொண்டுவரும் அம்மாள்தான் அதற்கு வழி சொன்னாள். "மெரட்டணும்மா. பங்குனியில தளிர் வுடற நேரத்துல கொடுவாளை எடுத்துக்கினு போய் நில்லு. காய்க்க மாட்டேங்குது, வெட்டிடலாமான்னு மூணுவாட்டி கேளு. பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கினு, வாணாம், அடுத்த வருசம் காய்ச்சிடும், வுட்டுடுன்னு கெஞ்சணும். மரத்துக்குக் காது கேக்கும்மா. பயந்துக்கினு காய்ச்சிடும்." கெஞ்ச ஆள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்றும், அப்படிச் செய்தால் நிஜமாகவே வெட்டியதாக ஆகிவிடும் என்றும் அவள் எச்சரித்துவிட்டுப் போனாள்.

அந்தப் பங்குனியில், பெரிய கோயிலில் உத்திரத்துக்குக் கொடி ஏறிய சமயம், எனக்குப் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கான விடுமுறை. அண்ணன் சாயக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். அண்ணி தறியில் தனியாக உட்கார்ந்து, அறுந்த இழைகளைப் பிடித்து முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். தறி அறைக்கு வெளிச்சம் தோட்டத்துப் பக்க ஜன்னல் வழியாகத்தான் வரும். அங்கிருந்து எலுமிச்சைக்குப் பத்தடி தூரம்கூட இல்லை. அம்மா கொடுவாளை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்ச் செடிக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா சாதாரணமாகப் பேசுவதைவிடச் சத்தமாகக் கேட்டாள்.

"வந்து மூணு வருஷம் ஆச்சு. போடவேண்டியதைப் போட்டாச்சு, ஊத்தவேண்டியதை ஊத்தியாச்சு. ஒரு பூ உண்டா, பிஞ்சு உண்டா? இதை வெச்சிக்கினு இன்னா பண்றது? வெட்டிப்புட்டு வேற ஒண்ணு கொண்ணாந்து வெச்சிடலாமா?"

நான் சொல்ல வேண்டிய வார்த்தை என் வாயில் இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை. அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கொடுவாளால் லேசாக ஒரு கொத்துக் கொத்தினாள். இரண்டாம் தடவை அதையே கேட்டாள். இரண்டாவது கொத்து. "சொல்லேன்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். மூன்றாம் தடவை கேட்டபோதும் நான் பேசவில்லை. என்மேல் வந்த கோபத்தில் அம்மா ஓங்கிப் போட்டாள். செடி ஒருமுறை முழுக்கக் குலுங்கியது. "வெளங்கின மாதிரிதான்" என்று கொடுவாளைத் துவைக்கிற கல்மேல் போட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று அம்மாவிடம் பிறகு சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணி தாமலுக்குப் போனாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சேதி வந்தது என்றாள். அண்ணன் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனான். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். சேதி யார் கொண்டுவந்தது? தபாலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அண்ணியின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கல்யாணப் பட்டு இருந்தது. வெள்ளிக் குங்குமச்சிமிழ் இருந்தது. அவள் அப்பா கொடுத்த பித்தளைச் சொம்புகூட இருந்த இடத்தில் இருந்தது. திரும்பி வருகிறவள்தான் என்று அம்மா சமாதானமாகி அடுப்படிக்குப் போனவள், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஆணியில் மஞ்சள் பை இல்லை. "பட்டை வுட்டுட்டு வெதைய எதுக்குடி எடுத்துக்கினு போனா?" என்று கேட்டாள். என் அம்மா முகத்தில் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். பாத்தியெல்லாம் கொத்தித் தயாராக இருக்கிறது, ஊன்ற வேண்டிய வாரம். விதையை எடுத்துக்கொண்டு போனவள் அதை வேறு எங்கோ ஊன்றப் போகிறாள்.

பதினைந்து நாள் ஆயிற்று. கோர்வைக்கு ஆள் இல்லாமல் தறி நின்றது. என்னை உட்காரச் சொல்வான் என்று காத்திருந்தேன், அண்ணன் சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தபோது, "நீ போய்ப் படி" என்றான். பாத்திகள் காய்ந்து வெடித்தன. அம்மா அவளைப் பற்றி நாளுக்கு ஒரு கதை சொன்னாள். பிறந்த வீட்டார் ஏதோ தூபம் போடுகிறார்கள், கீரைக்காரி ஏதோ கோள் சொல்லியிருக்கிறாள் என்று. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பரீட்சை முடிந்த மறுநாள் அண்ணன், "நான் போனா அவங்க அப்பா முன்னால ஒண்ணும் சொல்ல மாட்டா. நீ போய்ப் பேசிக்கினு வா" என்று என்னைத் தாமல் வழியாகப் போகும் வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

அவள் அப்பா நல்ல திடகாத்திரமாக வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா சந்தேகப்பட்டது ஒன்றாவது சரியாக இருந்ததே என்று எனக்கு அற்பமாய் ஒரு திருப்தி. அண்ணி ஏரியில் இருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீர் வற்றிப் பின்வாங்கிய ஈரமண்ணில் அவள் வெள்ளரி ஊன்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த மஞ்சள் பை. நான் போய் நின்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அண்ணி, அன்னிக்கு அம்மா பேசினது உங்களை இல்ல. அது மரத்துக்கு. மெரட்டினா காய்க்கும்னு கீரைக்காரம்மா சொல்லிச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "மரத்துக்குன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? இந்த ஊர்ல பொறந்தவ நானு. எங்கப்பா மாமரத்தை மெரட்டுனப்ப நான்தான் பக்கத்துல நின்னு கெஞ்சுவேன். அத்தை கேக்கும்போது எனக்குச் சிரிப்புகூட வந்துது. பாப்பா இப்பச் சொல்லும், இப்பச் சொல்லும்னு கேட்டுக்கினே இருந்தேன்." கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "மூணுவாட்டி கேட்டாங்க. ஒருவாட்டிகூட நீ வாணாம்னு சொல்லல."

சிரிப்பு வந்தது என்ற பொய்யை அவளிடம் சொல்ல முடியவில்லை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அவள் போய்விட்டால் தறியில் அந்த இடம் காலியாகும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. ஊரெல்லாம் வேவு பார்த்த எனக்கு, என்னை வேவு பார்க்க மட்டும் தெரியாமல் போய்விட்டது. ஏரிக்கரையில் நின்று அழுதேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் மௌனத்தையும் சேர்த்து. அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான். இரண்டு நாள் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மஞ்சள் பையும் வந்தது. ஆனால் ஆணியில் ஏறவில்லை, அவள் பெட்டிமேலேயே கிடந்தது. அண்ணி முகத்தைப் பார்த்துப் பேச அம்மாவால் முடியவில்லை. மறுநாள் காலை அண்ணனும் அண்ணியும் தறியில் உட்கார்ந்திருக்கும்போது, அம்மா கொடுவாளோடு தோட்டத்துக்குப் போனாள். "பாப்பா, வாடி. அன்னிக்கு ஒழுங்கா செய்யல. இன்னிக்குச் சரியா செஞ்சிடலாம்" என்று கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அதுவா, இல்லை மருமகள் திரும்பி வந்ததும் மறுபடி ஒரு குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை. போய் நின்றேன்.

"வந்து மூணு வருஷம் ஆச்சு. காய்க்க மாட்டேங்குது. வெட்டிடலாமா?" என்றாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது.

"வாணாம்மா. காய்க்கலன்னாலும் இருக்கட்டும்."

தோட்டத்து வேலைக்கு ஒருநாளும் தலைகாட்டாதவன், எதிலும் தலையிடாதவன். அம்மா திகைத்துப்போய், "அடுத்த வருஷம் காய்க்கும்னு சொல்லணும்டா. அதான் முறை" என்றாள்.

"காய்க்கலன்னாலும் இருக்கட்டும்னுதான் சொல்றேன்" என்றான் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. அதன்பின் தறி ஓடும் சத்தம் கேட்டது. அம்மா மேலே கேட்கவில்லை. கொடுவாளைக் கழுவி, துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அன்று மத்தியானம் அடுப்படியில் பார்த்தேன், மஞ்சள் பை ஆணியில் தொங்கியது. சாயங்காலம் அண்ணி வெண்டை ஊன்றினாள். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன்.

அந்த மரம் இன்றுவரை ஒரு பழம் கொடுக்கவில்லை. அண்ணிக்கும் குழந்தை பிறக்கவில்லை. அம்மா கடைசிவரை புடலைக்குப் பொட்டு வைத்தாள். கண் மங்கிய பிறகு அவள் கையைப் பிடித்து வைக்கவைத்தது அண்ணிதான். அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் அவளிடம் கேட்டேன். மரத்தை "வெச்சு மூணு வருஷம்" என்றுதானே சொல்ல வேண்டும், நீ ஏன் "வந்து மூணு வருஷம்" என்றாய் என்று. "தாமல்ல இருந்துதானடி வந்துது, அந்தக் கன்னு" என்றாள் அம்மா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். முழுசாக நம்ப என்னால் இன்னும் முடியவில்லை.

அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. வீடு எங்கள் அப்பா பெயரிலேயே இருக்கிறது, அதில் எனக்கும் பங்கு உண்டு. கோயில் பக்கத்து இடம் என்பதால் தரகர்களுக்கு அதன்மேல் கண்; அவர்கள் அண்ணியைக் கேட்பதில்லை, எனக்குத்தான் போன் செய்கிறார்கள். வீட்டை இடித்து, மரத்தை வெட்டி எடுத்துவிட்டு லாட்ஜ் கட்டலாமாம். நான் அண்ணியிடம் அதைச் சொன்னதில்லை. ஆனால் தெருவுக்குத் தெரிந்தது அவள் காதுக்குப் போகாமலா இருக்கும்?

போன பங்குனியில் போயிருந்தேன். அண்ணி வழக்கம்போல எலுமிச்சைக்கு வட்டப்பாத்தி கொத்தி எரு போட்டிருந்தாள். நாலு இலை கிள்ளி மோரில் கசக்கிப் போட்டு எனக்குக் கொடுத்தாள். நான் குனிந்து மூன்றாவது தழும்பைத் தடவிக்கொண்டிருந்தேன். பழைய கொடுவாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தபடி கேட்டாள்: "இன்னா பாப்பா, காய்க்க மாட்டேங்குது. வெட்டிடலாமா?" ஒவ்வொரு வருஷமும் இதே கேள்விதான். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாணாம் அண்ணி. காய்க்கலன்னாலும் இருக்கட்டும்" என்றேன். அவள் இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னேன்.